புழுதி விதைப்பு

அக்டோபர் 21, திங்கள்

வந்து சேர்ந்தாச்சு. சாம்பியாவோட கிழக்குக் கோடியில கம்வேந்தான்னு ஒரு ஊரு. தலைநகர்ல இருந்து பத்து மணி நேரம் பஸ்சு, அதுக்கு மேல ரெண்டு மணி நேரம் விதை ஏத்துற லாரி. இடுப்பு கழண்டு போச்சு. மண்ணு செவப்பு. வெயிலு மட்டும் நம்ம கோவில்பட்டி வெயிலேதான், கூடவே டிக்கெட் எடுத்து வந்தாப்ல.

எனக்கு வேலை சின்னது. இந்த ஊரு அரசாங்கம் குடியானவங்களுக்கு மானியத்துல மக்காச்சோள விதை குடுக்குது. அந்த விதையில நூறை எண்ணி எடுத்து, ஈரத்தாள்ல சுருட்டி வச்சு, ஏழாம் நாள் எத்தனை முளைச்சிருக்குன்னு எழுதிக் குடுக்கணும். இருபத்திரண்டு வருசமா பார்க்குற சோலி. நடுவுல நாலு வருசம் வேலையில்லாம வீட்ல உட்கார்ந்திருந்தேன். அது வேற கதை. இல்ல, அதுதான் கதை.

திட்ட இயக்குநர் நம்ம தணிகாசலம் சார். என்னை இங்க கூப்பிட்டவரே அவருதான். போன்ல, "பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்கம்மா, வடிவு. நம்மாளுக்கு நம்மதான் செய்யணும்"னாரு. "அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு சார்"னேன். பாஸ்போர்ட் வாங்க எட்டு தடவை வரிசையில நின்னேன். எட்டு தடவையும் அவர் மூஞ்சியை நினைச்சுக்கிட்டுத்தான் நின்னேன்.

அக்டோபர் 23, புதன்

தகரக்கூரை வீடு. ஒரு அறை, பின்னாடி கரி அடுப்பு. கொண்டுவந்த புளியில எறும்பு. வெயில்ல காயவச்சு உதறி எடுத்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி பேரு ஃபாலெசி. அம்பத்தஞ்சு வயசிருக்கும். ரெண்டு ஏக்கர் காடு, நாலு ஆடு, நறுக்குத் தெறிச்சாப்ல பேச்சு. அவளும் கொஞ்சம் இங்கிலீஷ், நானும் கொஞ்சம் இங்கிலீஷ், மிச்சத்தைக் கையால பேசிக்கிறோம். மரியாதையான பொம்பளையை இங்க "அமாய்"ங்கிறாங்க. என்னை "அமாய் வடி" ஆக்கிட்டா.

அக்டோபர் 26, சனி

சார் வந்தாரு. வெள்ளைக் கார், வெள்ளைச் சட்டை, தலைமுடி மட்டும் கருப்பு மை. பதினோரு வருசத்துல தொப்பை போட்டிருக்காரு. "சாப்பிட்டீங்களாம்மா? வீடு வசதியா இருக்கா?" அப்படி ஒரு கரிசனம். காபி போட்டுக் குடுத்தேன். குடிச்சிட்டு, "ஊர் காபி ஊர் காபிதான்"னாரு. நான் அதுல ஒண்ணும் கலக்கலை. அவ்வளவு சுளுவா விடுறதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தேன்?

திட்டத்தோட பெரிய சட்டம் என்னன்னு விளக்குனாரு. மானிய விதை வேணும்னா வீட்டு விதையை விட்டுறணும். பழைய நாட்டுச்சோளம் ஒரு கதிர் வீட்ல இருந்தாலும் மானிய அட்டை கிடையாது. ஆபீஸ் ஆளு வீடு வீடா அடுக்களைக்குள்ள நுழைஞ்சு பார்க்குறான். "ரெண்டு விதையும் பக்கத்துல பக்கத்துல நின்னா கலந்துரும்மா. ஊரே ஒரே விதையில நின்னாத்தான் மந்திரிக்குக் காட்ட முடியும்"னாரு. பாதி விவசாயம், பாதி போட்டோ.

அக்டோபர் 31, வியாழன்

ஃபாலெசி அடுக்களைக்குக் கூப்பிட்டா. அடுப்புக்கு மேல, கூரைக்கு அடியில, புகையிலே கருத்துப் போன சோளக்கதிர் கொத்துக் கொத்தாத் தொங்குது. வண்டு வராம இருக்க அப்படித்தான் விதையைக் காப்பாங்களாம். ஆபீஸ் ஆளு வந்தப்ப அதுக்கு முன்னாடி பாயைத் தொங்கவிட்டு மறைச்சிருக்கா.

நான் மேல பார்த்ததை அவ பார்த்துட்டா. "நீ கவர்மெண்ட் ஆளு. என்ன பார்த்தே?"ன்னா.

"புகை"ன்னேன்.

சிரிச்சுக்கிட்டு இன்னொரு உருண்டை களியை என் தட்டுல வச்சா. இங்க அதை நிஷீமாங்கிறாங்க. நம்ம கேப்பைக்களி மாதிரிதான், வெள்ளையா இருக்கு.

அவ ஓரகத்தி ஜெலிப்பாவும் இருந்தா. சின்ன வயசு, புருசன் செத்து ஒரு வருசம், ஒரு பொம்பளைப்பிள்ளை. ஜெலிப்பாகிட்ட ஒளிக்கிற புத்தி இல்ல. சட்டம் சொல்லுச்சுன்னு வீட்டு விதை அத்தனையும் மில்லுல அரைச்சுத் தின்னுட்டா. ஒரு கதிர் மிச்சமில்ல. அட்டையை மட்டும் பிளாஸ்டிக் உறையில போட்டுக் கழுத்துல மாட்டியிருக்கா.

நவம்பர் 4, திங்கள்

விதை வந்து இறங்கிச்சு. பதினேழாம் நம்பர்னு முத்திரை குத்தின அறுநூறு மூட்டை ஊருக்கு. இருபத்தொண்ணாம் நம்பர்னு பத்து மூட்டை மந்திரி பார்க்கப்போற மாதிரிப் பண்ணைக்கு. எல்லாம் ஒரே மாதிரி பை, ஒரே மாதிரி ரோஸ் கலர் மருந்து பூசின விதை. வித்தியாசம் நம்பர்ல மட்டும்தான்.

ரெண்டுலயும் நூறு நூறா நானூறு எண்ணி எடுத்து ஈரத்தாள்ல சுருட்டியாச்சு. பதினேழுல இருந்து சாயம் விரலெல்லாம் ஒட்டிக்கிச்சு. நல்ல மருந்துன்னா இப்படி ஒழுகாது. சோப்புப் போட்டும் போகலை.

நவம்பர் 6, புதன்

புருசன் போன் பண்ணாரு. என் மனசுல என்ன இருக்குன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும். "வடிவு, பொறுத்தார் பூமி ஆள்வார். ரெண்டு வருசத்தை முடிச்சிட்டு வந்து சேரு"ன்னாரு.

பொறுத்தவ பூமியில ஒண்ணும் முளைக்கலை அய்யான்னு சொல்லி வச்சிட்டேன்.

பதினோரு வருசத்துக்கு முன்னாடி நடந்ததை ஒரு தடவை முழுசா எழுதிப்புடுறேன். அப்ப ஒரு விதைக் கம்பெனியில தணிகாசலம் மேனேஜர், நான் சோதனைச்சாலை. சனிக்கிழமை சனிக்கிழமை அரைநாள்ல வீட்டுக்குப் போற அவசரத்துல நம்பர் எழுதாத வெத்து முளைப்புச் சோதனை அட்டைக் கட்டுல வரிசையாக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போயிருவோம். நம்பரைத் திங்கள்கிழமை நிரப்பிக்கிறது. எல்லாரும் செஞ்ச வேலைதான், ஒருத்தரும் தப்புன்னு நினைக்கலை. தணிகாசலம் அதுல ஒரு அட்டையை எடுத்து, முளைக்காத பருத்தி விதைக்கு எண்பத்தாறுன்னு எழுதிட்டாரு. கீழ என் கையெழுத்து.

அந்த விதையைத்தான் எங்கப்பா ஆறு ஏக்கர்ல விதைச்சாரு. கடைக்காரன் வேற விதை காட்டியும், "எம்மக சோதிச்சது போதும்"னு வாங்கிட்டு வந்தாரு. எங்க பக்கம் புழுதி விதைப்பு. மழை வர்றதுக்கு முன்னாடியே காஞ்ச மண்ணுல விதைச்சிருவோம், முதல் மழையில ஒரு சொட்டு வீணாகக் கூடாதுன்னு. மழையும் வந்துச்சு. ஆறு ஏக்கரும் மொட்டையாக் கிடந்துச்சு.

விசாரணையில, "கையெழுத்து உங்களதா?"ன்னு கேட்டாங்க. "ஆமா"ன்னேன். "வெத்துத் தாள்ல போட்டேன்"னும் சொன்னேன். அவனவன் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சான். ஊர்க்காரங்க முளைக்காத விதையைத் தோண்டி எடுத்து எங்க வீட்டு வாசல்ல கொட்டினாங்க.

அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. "உனக்குத் தெரியுமாம்மா?" "சத்தியமாத் தெரியாதுப்பா"ன்னேன். நம்பலை. ஏழு மாசம் என் கையால ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிக்கலை. எட்டாம் மாசம் போய்ச் சேர்ந்துட்டாரு. தணிகாசலத்துக்கு அந்த வருசம் பதவி உயர்வு.

நவம்பர் 11, திங்கள்

சுருளைப் பிரிச்சேன். இருபத்தொண்ணாம் நம்பர், நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு. பதினேழாம் நம்பர், நூத்துக்கு நாலு. திரும்ப எண்ணினேன். நாலுதான். தீனிச்சோளத்துக்குச் சாயம் அடிச்சு விதைன்னு வித்திருக்கான் எவனோ. அதை நம்மாளு வாங்கியிருக்காரு.

சாருக்குப் போன் போட்டேன். சாவகாசமா, "நாலா? நாலோட ஒரு தொண்ணூறைச் சேர்த்துக்கிட்டா ஆச்சு. தொண்ணூத்திநாலுன்னு போட்டு ஒரு கையெழுத்துப் போட்டுருங்கம்மா. மந்திரி பார்க்குற காட்டுக்கு நல்ல விதை இருக்குல்ல, அது போதும். ஊர்க்காட்டுல முளைக்கலைன்னா மழை மேல பழியைப் போட்டுக்கலாம்"னாரு.

எங்கப்பா காட்டுக்கும் இதைத்தான் சொல்லியிருப்பான்.

"சரி சார்"னேன். ஆனா தொண்ணூத்திநாலுன்னு எங்கயும் எழுதலை. போனை வச்சிட்டு வெளிய வந்து வேப்பமரத்தடியில நின்னேன். இங்கயும் வேப்பமரம் இருக்கு. ஒரு கொப்பை ஒடிச்சு இலையை ஒண்ணொண்ணா உருவிப் போட்டேன். பயத்துல இல்ல. சந்தோசத்துல.

நவம்பர் 12, செவ்வாய்

சார் தலைநகருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி வந்தாரு. இனிமே மந்திரி வர்ற அன்னைக்குத்தான் வருவாராம், ஜனவரி பதினாலு. மந்திரி கூடவே, அதே கார்ல. அதைச் சொல்லும்போது முகம் அப்படியே மலர்ந்துச்சு.

"அதுவரைக்கும் ஸ்டோர்ல இருந்து விதை எடுக்க உங்க கையெழுத்து வேணுமே சார்"னேன்.

"அதுக்கென்ன." கார் பானெட்டு மேல வச்சு இருபது வெத்துத் தாள்ல கையெழுத்துப் போட்டாரு. ஒண்ணு பின்னாடி ஒண்ணு, தலை நிமிராம. "பார்த்து நிரப்பிக்குங்கம்மா. உங்க மேல எனக்கு முழு நம்பிக்கை."

அவருக்கு அது ஞாபகமே இல்ல. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். ஒருத்தி வாழ்க்கையையே கவிழ்த்தது எந்த வழியிலன்னு கூட ஞாபகம் வச்சுக்கலை.

நவம்பர் 13, புதன்

மனசுக்குள்ள கணக்குப் போட்டு முடிச்சாச்சு. ஒரு தாள்ல: "பதினேழாம் நம்பர், முளைப்பு நூத்துக்கு நாலு, பத்து மூட்டை, மாதிரிப் பண்ணைக்கு." இன்னொண்ணுல: "இருபத்தொண்ணாம் நம்பர், பத்து மூட்டை, கம்வேந்தா பொம்பளைங்க சங்கத்துக்கு." ரெண்டுக்கும் கீழ அவரு கையெழுத்து. பண்ணையில விதைப்பு இருபத்தஞ்சாம் தேதி, நல்ல மழைக்கு அப்புறம். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது. ஒரு ஆளுக்குத் தெரிஞ்சா ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிஞ்சா அவருக்குத் தெரியும். அப்புறம் அவன் சுதாரிச்சு வேற விதை வரவழைச்சுருவான்.

ஊருல எல்லாரும் மழைக்கு அப்புறம்தான் விதைப்பாங்க. அதனால இருபத்தஞ்சாம் தேதி சொன்னாலும் ஒருத்தருக்கும் நட்டமில்ல. இன்னைக்கு பதினேழாம் நம்பர் பை ஊருக்கெல்லாம் வினியோகம். ஜெலிப்பா முதல் ஆளா நின்னா.

நவம்பர் 14, வியாழன்

வெயில் ஜாஸ்தி. காலையில நடந்து வரும்போது ஜெலிப்பா அவ காட்டுல மண்வெட்டியோட நின்னா. கையை ஆட்டினா. நானும் ஆட்டினேன்.

பருப்பு தீர்ந்துபோச்சு.

நவம்பர் 17, ஞாயிறு

தலையில எண்ணெய் வச்சுக் குளிச்சேன். துணி துவைச்சேன். ஜெலிப்பா மகளுக்கு என் பழைய ரிப்பனைக் குடுத்தேன், ரெண்டு பிஸ்கட் பாக்கெட்டும். எதுக்குன்னு ஃபாலெசி கேட்டா. சும்மாத்தான்னேன்.

நவம்பர் 19, செவ்வாய்

முதல் மழை. தகரத்துல விழுற சத்தத்துல பேச முடியலை. மண்வாசனை எங்க ஊரு மாதிரியே வந்துச்சு. இன்னைக்கு ஜெலிப்பா காட்டு வழியா வரலை, சேறு.

நவம்பர் 25, திங்கள்

மாதிரிப் பண்ணையில விதைப்பு முடிஞ்சது. ஸ்டோர்கீப்பர் லைட்டன் ரெண்டு தாளையும் மாத்தி மாத்திப் பார்த்தான். "மேடம், நம்பர் மாறியிருக்கே"ன்னான்.

"கையெழுத்து யாருது?"

"டைரக்டருது."

"அப்ப மாறலை."

லைட்டன் இந்த ஊருப் பையன்தான், அவங்கம்மா காடும் இங்கதான். முளைப்பு நாலுன்னு எழுதியிருக்கிறதை விரலை வச்சு ரெண்டு தடவை படிச்சான். அப்புறம் என்னைப் பார்த்தான். ஒண்ணும் கேக்காம மூட்டையைத் தூக்கிவிட்டான்.

சாயங்காலம் ஃபாலெசி அடுக்களைக்குப் போனேன். "ரோஸ் விதை செத்த விதை. கூரையில தொங்குறதை இறக்கு"ன்னேன்.

அவ அடுப்பை ஊதிக்கிட்டே இருந்தா. ஊதுகுழலைக் கீழ வச்சிட்டு, "எனக்கு மட்டும் சொல்றியா, ஊருக்கே சொல்றியா?"ன்னா. ஊருக்கே சொல்லு, ஆனா ஆபீஸ் ஆளு காதுல விழக்கூடாதுன்னேன். "இந்த ஊருல நாலு வருசமா எல்லா வீட்டுக் கூரையிலயும் கதிர் தொங்குது. ஆபீஸ் ஆளுக்கு இன்னும் தெரியாது"ன்னா.

நவம்பர் 28, வியாழன்

ஊரே விதைக்குது. கருப்புப் புகை படிஞ்ச நாட்டுச்சோளம், ஒரு குழிக்கு மூணு. ரோஸ் விதையைக் கோழிக்குக்கூடப் போடலை, மருந்துன்னு. பள்ளம் தோண்டிப் புதைச்சாங்க. நல்ல விதை பத்து மூட்டையை வீட்டு விதை பத்தாத பொம்பளைங்க பங்குபோட்டுக்கிட்டாங்க. ஒரு மணி மிச்சமில்ல.

டிசம்பர் 1, ஞாயிறு

ஜெலிப்பா காடு முளைக்கலை.

அவ பதினாலாம் தேதியே விதைச்சுட்டாளாம். புழுதியில. இங்கயும் அந்தப் பழக்கம் உண்டாம், கையில மாடு இல்லாதவங்க, ஆள்பலம் இல்லாதவங்க செய்வாங்களாம், மழைக்கு அப்புறம் ஒத்தை ஆளா மல்லுக்கட்ட முடியாதுன்னு. ஃபாலெசி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

காஞ்ச மண்ணைக் கொத்தி, அவ பாட்டுக்கு வரிசையா விதை போட்டதைப் பார்க்கும்போது களை எடுக்குறான்னுதான் நினைச்சேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

பங்குபோட்ட நல்ல விதையில ஜெலிப்பாவுக்குக் கிடைக்கலை. சங்கத்துல அவ பேரு இல்லாததால பங்குல அவளைச் சேர்க்கலை. ஃபாலெசி ரெண்டு கதிர் குடுத்தா. கால் ஏக்கருக்குக்கூட வராது.

பத்து கிலோ மாவு வாங்கி ஜெலிப்பா வீட்ல இறக்கினேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

மாதிரிப் பண்ணைக்குப் போய் ஒரு சுத்துச் சுத்தினேன். அரை ஆள் உயரத்துக்குப் போர்டு. "புதிய விதை, புதிய வாழ்வு"ன்னு எழுதியிருக்கு. போர்டுக்குப் பின்னாடி பத்து ஏக்கர் செம்மண்ணு. அங்கொண்ணும் இங்கொண்ணுமா வரிசைக்கு நாலஞ்சு பயிர், மொட்டைத் தலையில தப்பிச்ச முடி மாதிரி. நின்னு நிதானமா ரசிச்சேன். பாவம் புண்ணியம்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.

சார் போன் பண்ணி, பண்ணை எப்படி இருக்குன்னாரு. "நீங்க வந்து பாருங்க சார், வாயடைச்சுப் போவீங்க"ன்னேன். படம் கேட்டாரு. ஃபாலெசியோட சங்கத்துக்காரி ஒருத்தி காட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். நல்ல விதை, சாண் உயரம் வந்துட்டுது. "பிரமாதம்மா"ன்னு பதில்.

டிசம்பர் 22, ஞாயிறு

ஜெலிப்பா மக பள்ளிக்கூடம் முடிஞ்சு லீவுல அடுத்தவங்க காட்டுல களை எடுக்குறா. கூலிக்கு மாவு. லீவு முடிஞ்சாலும் போகமாட்டாளாம். இன்னும் பத்து கிலோ மாவு வாங்கிக் குடுத்தேன், சர்க்கரையும். எதுக்கு இம்புட்டுன்னு ஃபாலெசி கேக்கலை. என் மூஞ்சியை மட்டும் பார்த்தா.

ஜனவரி 5, ஞாயிறு

புருசன் போன். "சந்தோசமா இருக்கியா?"ன்னாரு. இன்னும் ஒம்பது நாள்ல இருப்பேன்னேன்.

ஜனவரி 14, செவ்வாய்

இன்னைக்குப் பொங்கல். விடியக்காலையில குளிச்சு, கரி அடுப்புல சின்னப் பானையில ரெண்டு கை அரிசி வச்சுப் பொங்கவிட்டேன். கிழக்காமத்தான் பொங்கிச்சு.

பத்தரை மணிக்கு வண்டி வரிசை. மந்திரி இறங்கினாரு, நல்ல உயரம், சிரிச்ச முகம். பின்னாடியே நம்மாளு, கழுத்துல டை. பொம்பளைங்க பாட்டுப் பாடி ஆடினாங்க. சாலை ரெண்டு பக்கமும் ஊர்க்காடு பச்சைப்பசேல்னு நிக்குது, கூரையில தொங்கின கருப்புக் கதிரோட பிள்ளைங்க. தணிகாசலம் அதைக் காட்டி, "நம்ம திட்டம் சார்"னாரு. ஃபாலெசி வாயை மூடிக்கிட்டு ஆடினா.

அப்புறம் போர்டைத் தாண்டினாங்க.

மந்திரி நின்னாரு. சுத்திப் பார்த்தாரு. "சோளம் எங்க?"ன்னு கேட்டாரு. நிஜமாவே தெரியாமத்தான் கேட்டாரு. வேற பக்கம் இருக்கோன்னு போர்டுக்குப் பின்னாடியும் எட்டிப் பார்த்தாரு.

தணிகாசலம் மூஞ்சி வெந்த கத்தரிக்காய் ஆச்சு. என்னைப் பார்த்தாரு. "விதைச் சோதனை இந்தம்மாதான், இவங்களைக் கேளுங்க"ன்னாரு. பதினோரு வருசமாகியும் அதே வாய், அதே வார்த்தை.

நான் ஃபைலைக் கொண்டுபோய் மந்திரி கையில குடுத்தேன். முளைப்பு நாலு, மாதிரிப் பண்ணைக்கு, கீழ கையெழுத்து.

மந்திரி படிச்சிட்டு, "இது உங்க கையெழுத்தா?"ன்னாரு.

தணிகாசலம் டையைப் பிடிச்சுக்கிட்டாரு. "ஆமா. ஆனா வெத்துத் தாள்ல போட்டேன்."

மந்திரி கூட வந்த ஆபீசருங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க.

அந்தச் சிரிப்பு. அதைக் கேக்கத்தான் நான் இருபத்திரண்டு மணி நேரம் பிளேன்ல வந்தேன். மனசு இனிச்சுது, பொய் சொல்லமாட்டேன். தன் வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும்னு எங்கப்பா அடிக்கடி சொல்லுவாரு. மத்தியானம் ரெண்டு தட்டுக் களி தின்னேன். பொங்கல்ல மிச்சம் இருந்ததை ஃபாலெசிக்குக் குடுத்தேன். ரொம்ப இனிப்புன்னா.

ஜனவரி 16, வியாழன்

விசாரணைக் குழு வந்துட்டுது. செத்த விதை குடுத்தவனையும் தேடுறாங்க. தணிகாசலத்தோட பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கிட்டாங்க. வீட்டு விதை வச்சிருக்கக் கூடாதுங்கிற சட்டத்தை இந்த வருசத்துக்கு நிறுத்தி வச்சிருக்காங்க. பாயை எடுத்துட்டு ஃபாலெசி கூரையைத் திறந்தாப்ல விட்டிருக்கா.

சாயங்காலம் அவரு என் வீட்டுக்கு வந்தாரு. டை இல்ல. மை கரைஞ்சு நெத்தியோரம் நரை தெரியுது. உட்காரச் சொல்லலை.

"பாம்புக்குப் பால் வார்த்தேன்"னாரு.

"கோவில்பட்டியில யாரு வார்த்தா, யாரு பாம்பு?"ன்னேன். "எங்கப்பா ஆறு ஏக்கர் ஞாபகம் இருக்கா சார்?"

யோசிச்சாரு. நிஜமாவே யோசிச்சாரு. ஞாபகம் வரலை அந்த மனுசனுக்கு. எனக்கு அவரை அடிக்கணும் போல இருந்துச்சு.

படி இறங்கினவரு திரும்பினாரு. "நாலுன்னு நீங்க என்கிட்ட போன்ல சொன்னது நவம்பர் பதினோராம் தேதி. ஊருக்குச் சொன்னது என்னைக்கும்மா?"

கதவைச் சாத்திட்டேன்.

ஜனவரி 18, சனி

ஒரு வேலையும் ஓடலை. புளியில மறுபடி எறும்பு.

எழுதணும். அன்னைக்கு ஜெலிப்பா களை எடுக்குறான்னு நான் நினைக்கலை. கரிசக்காட்டுல பிறந்தவளுக்குப் புழுதி விதைப்பு தெரியாதா? ஒரு அடிக்கு ஒரு குழி, குனிஞ்சு ரெண்டு மணி, காலால மண்ணைத் தள்ளி ஒரு மிதி. எங்கப்பா அதே மாதிரிதான் மிதிப்பாரு. ரோட்டுல நின்னு பார்த்தேன். அவ பையில இன்னும் முக்காவாசி விதை இருந்துச்சு. "ஜெலிப்பா, நிறுத்து"ன்னு ரெண்டே வார்த்தை. பதினோரு நாள்தானே, ஒரு காடுதானேன்னு நடந்துட்டேன்.

ஜனவரி 19, ஞாயிறு

காலையில ஜெலிப்பா வந்தா. கையில ஒரு சின்னத் துணி முடிச்சு. நான் அடுப்புக்கிட்ட உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னாடி மண்டி போட்டு முடிச்சை அவுத்தா. தோண்டி எடுத்த விதை. சாயம் போய் வெளுத்து, மண்ணு ஒட்டி, நசுக்கினா மாவாப் போகுது.

எனக்கு வாசல்ல கொட்டின பருத்தி விதைதான் கண்ணுல வந்துச்சு. திட்டட்டும்னு காத்திருந்தேன். அடிச்சாலும் வாங்கிக்கலாம்னு இருந்தேன்.

திட்டலை. ஊருல ஏதோ பேசிக்கிறாங்களாம், அவளுக்கு அதுல நம்பிக்கை இல்லையாம், இருந்தாலும் என் வாயால கேட்டுரலாம்னு வந்தாளாம். ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"அமாய் வடி, நான் விதைச்ச அன்னைக்கு உங்களுக்குத் தெரியுமா?"

அவ மக வாசல்ல நின்னா, தலையில என் ரிப்பன், கையில களைக்கொத்து.

"சத்தியமாத் தெரியாது"ன்னேன்.

அவ முகம் அப்படியே லேசாச்சு. "நான் அப்பவே சொன்னேன்"னு மக பக்கம் திரும்பிச் சொன்னா. உள்ளங்கை ரெண்டையும் குவிச்சு மெதுவா ரெண்டு தட்டுத் தட்டினா. இங்க நன்றி சொல்றது அப்படித்தான். அப்புறம் பானையைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணி மொண்டு, ரெண்டு கையாலயும் ஏந்தி எனக்குக் குடுத்தா. "உங்களுக்கு முகமெல்லாம் வேர்த்திருக்கு, குடிங்க"ன்னா.

வாங்கிக் குடிச்சேன்.